புதிய பயிற்சியாளரும் ஒன்பதாம் எண் சட்டையும்

பெங்களூரில் அல்சூரை அடுத்துக் கௌதமபுரம் என்றொரு பகுதி இருக்கிறது. குறுகிய தெருக்கள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போன்ற வீடுகள், வழிநெடுகக் காதில் விழும் பேச்சோ பெரும்பாலும் தமிழ். அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் உருவங்களோடு ஒரு பந்தாட்டக்காரரின் உருவமும் நிறுவப்பட்டிருக்கிறது. அவர் பிரேசில் நாட்டுப் பெலே. உலகக் கோப்பைப் போட்டி வருகின்ற ஆண்டுகளில் அத்தெருக்களில் பிரேசிலின் மஞ்சளும் பச்சையும் பறக்கும். வெளியூரிலிருந்து வருவோர் இதைக் கண்டு புன்னகை புரிவதுண்டு. ஆனால், அங்குள்ளோர் பெலேயைப் பற்றிப் பேசுகின்ற அளவுக்கு, ஏன், அதனினும் மிகுதியாகவே, நம் நாட்டு அணியைப் பற்றியும் வாதாடுகிறார்கள் என்பதை அவ்விருந்தினர் அறியார்.

நமக்குத் தொழில் மொழிபெயர்ப்பு. மத்திய அரசின் சுற்றறிக்கைகளையும் விதிமுறைகளையும் தமிழாக்கிப் பொழுதைக் கழிக்கின்ற நமக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் கௌதமபுரத்துத் தேநீர்க்கடை ஒன்றில் அமர்ந்து பந்தாட்ட வாதங்களைக் கேட்பது ஒரு பழக்கமாகிவிட்டது. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் நேயர்களுக்கும் இத்தகைய கடை ஒன்று இருக்கும் என்றே நம்புகிறோம். பந்தைப் பற்றி இல்லாவிட்டால் சினிமாவைப் பற்றியாவது அங்கே வாதம் நடந்துகொண்டிருக்கும்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதி, ஞாயிறு. அன்று அக்கடையில் உட்கார இடமில்லை. இரண்டு நாட்களுக்கு முன்பு, ஆகஸ்டு முதல் தேதியன்று, இந்தியத் தேசிய அணிக்குக் காலித் ஜமீல் என்பவரைத் தலைமைப் பயிற்சியாளராக அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அறிவித்திருந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் இப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். போதாக்குறைக்கு அன்று சுனில் சேத்திரியின் 41-ஆம் பிறந்தநாள் வேறு. ஓய்வு பெற்றுவிட்டதாக 2024 ஜூனில் விடைபெற்றுக்கொண்டு, 2025 மார்ச்சில் மீண்டும் அழைக்கப்பட்டு ஆடவந்த அவரைப் புதியவர் வைத்துக்கொள்வாரா, விட்டுவிடுவாரா? வாதத்துக்கு வேறென்ன வேண்டும்?

பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் தொடங்கினார். ஜமீலின் ஆட்டமுறை பழைய முறை என்பது அவர் கட்சி. "பின்னால் கூட்டமாக நிற்பது, பந்தை நீளமாக உதைப்பது, முன்னால் இரண்டு பேர் ஓடுவது, இது 4-4-2. உலகம் எங்கேயோ போய்விட்டது. இன்னும் இதையா ஆடுவது?" என்றார். ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. 2017-இல் மிசோரத்தின் ஐசால் அணியை ஐ-லீக் வாகையராக்கியவர் ஜமீல் அல்லரா என்று கேட்டார். அதற்கு முந்திய பருவத்தில் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டுப் பின்னர் எப்படியோ மேற்பிரிவில் நீடிக்க அனுமதி பெற்ற எளிய அணி அது. "பெரிய பணம் இல்லாமல் கப்பு வாங்கிக் காட்டினவர், சார். உங்க உலகம் அதைச் செய்யட்டுமே!" என்றார் ஆட்டோக்கார நண்பர்.

வங்கியில் பணிபுரியும் கன்னட நண்பர் இடைமறித்தார். 2023 ஜூலை 4-ஆம் தேதி ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் தெற்காசியக் கோப்பை இறுதியாட்டத்தைக் கண்டவர் அவர், நாமுந்தான். குவைத்துடன் 1-1 என்று சமமாகிப் பெனால்டி உதைகளில் 5-4 என்று வென்ற அந்த இரவில் அரங்கமே ஒரே குரலில் பாடியது. அன்று பயிற்சியாளர் குரோவேஷியாவின் இகோர் ஸ்டிமாக். அவரைக் கொண்டாடிய அதே நாவுகள், ஓராண்டுக்குள் அவரை அனுப்பிவிடும்படி கூவின. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. ஜூன் மாதம் அவர் விலக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஸ்பெயின் நாட்டு மனோலோ மார்க்கேஸ் எட்டு ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்று விடைபெற்றார். ஆகவே, வெளிநாட்டவர் என்றாலும் உள்நாட்டவர் என்றாலும் முதல் மூன்று மாதம் மாலை, அப்புறம் கல் என்பது கன்னட நண்பரின் முடிவு. அவர் கன்னடத்தில் கூறினார். பதில் தமிழில் வந்தது. நடுவே கொஞ்சம் உருதும் கலந்தது. வேறு எந்தப் பொருளில் பேசினாலும் மொழிச்சண்டை வரக்கூடிய இந்நாளில், பந்தைப் பற்றிய சண்டையில் மொழி குறுக்கே வந்து நாம் பார்த்ததில்லை.

இந்தப் பதவிக்கு 170 பேர் விண்ணப்பித்தனர் என்று செய்தி வந்திருந்தது. கேரளத்து ஐ. எம். விஜயன் தலைமையிலான நுட்பக் குழு மூவரைப் பரிந்துரைத்தது. அவருள் ஒருவர் ஜமீல். விண்ணப்பங்களுள் ஸ்பெயின் நாட்டுப் புகழாளர்களான சாவி, பெப் கார்டியோலா இருவரின் பெயரிலும் மின்னஞ்சல்கள் இருந்தனவாம்! அவை மெய்யானவை அல்ல என்று சம்மேளனம் பின்னர் விளக்கம் தந்தது. அதைச் சொல்லிக் கடையே சிரித்தது. அச்சிரிப்பில் சிறிது ஏக்கமும் இருந்ததாக நமக்குப் பட்டது.

இங்கே நம் தொழிலை ஒட்டிய ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு மேலே செல்ல விரும்புகிறோம். மேல்நாட்டில் இப்பொறுப்பாளரை 'மானேஜர்' என்பார்கள். அதை 'மேலாளர்' என்று மொழிபெயர்த்தால் வங்கியில் கையொப்பம் இடுபவர்தான் நினைவுக்கு வருவார். இங்கிலாந்தில் கழகத்தின் மானேஜர் என்பார் ஆட்டக்காரரை விலைபேசி வாங்குவதிலும் விற்பதிலும் குரல் உள்ளவர். நாட்டு அணிக்கு அவ்வாறு வாங்குவதற்கில்லை; மண்ணில் விளைந்ததைக் கொண்டுதான் சமைக்கவேண்டும். ஆதலின் 'பயிற்சியாளர்' என்ற சொல்லே இங்குப் பொருந்துகிறது. அடுத்து, 'ஃபார்மேஷன்'. இதற்கு 'அணிவகுப்பு' என்று எழுதினால் குடியரசு தின ஊர்வலம் போலாகிவிடுகிறது. 'வியூகம்' என்பது நல்ல சொல். பாரதத்தில் சக்கர வியூகத்தினுள் நுழையத் தெரிந்த அபிமன்யுவுக்கு வெளியேறத் தெரியவில்லை என்று பாட்டிமார் கதை சொல்வார்கள் அல்லவா? பந்தாட்ட வியூகத்திலும் தொல்லை அதுவேதான். தாக்கப் போனவர் திரும்பி வந்து காக்கவும் வேண்டும்.

4-4-2 என்றால் என்ன என்று அறியாத நேயர்களுக்காக ஒரு சொல். கோல் காப்பவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீதிப் பத்துப் பேரைப் பின்னாலிருந்து முன்னாக எண்ணுவார்கள். நால்வர் பின்காவல், நால்வர் நடுக்களம், இருவர் முன்னணி, அது 4-4-2. நம் தாத்தாக்கள் ஆடியது 2-3-5. பின்னால் இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர் என்று ஓடிய அந்தத் தாராள காலம் மலையேறிவிட்டது. 1953-இல் ஹங்கேரி அணி லண்டன் வெம்ப்ளி மைதானத்திலேயே இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்தியபோது, இடம்மாறி ஆடுவதன் ஆற்றலை உலகம் கண்டது. 1958-இல் பிரேசில் 4-2-4 என்ற வியூகத்தால் உலகக் கோப்பையை வென்றது. எண்கள் இவ்வாறு மாறி மாறி வந்திருக்கின்றன. எந்த எண்ணும் தானாக ஓடிக் கோல் அடித்ததில்லை.

கடையின் மூலையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர் இவ்வளவு நேரமும் வாய் திறக்கவில்லை. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து, அதன் அணிக்காக நெடுங்காலம் ஹாஃப்பேக் நின்று ஆடி ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் பெங்களூரின் தொழிற்சாலைகள் ஆட்டக்காரரென்றால் அழைத்து வேலை கொடுத்தன. கால் நன்றாக இருந்தால் குடும்பத்துக்குச் சோறு உறுதி. அவர் மாணவரைப் பார்த்து, "தம்பி, நீ சொல்கிற நம்பரெல்லாம் சரி. ஆளைச் சொல்லு. முன்னாலே நிற்க யார்?" என்று மட்டும் கேட்டார்.

மாணவர் சேத்திரி என்றார். "நாற்பத்தொன்று" என்றார் பெரியவர். வேறு இரண்டு பெயர்கள் வந்தன. "அவங்க கழகத்திலே எந்த இடத்திலே ஆடுறாங்க?" என்று கேட்டார். ஓரத்தில் என்று மாணவரே ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு வெகுநேரம் எண்ணைப் பற்றி எவரும் பேசவில்லை.

நேயர்களே, அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. வீட்டுக்கு வந்தும் கணக்குப் பார்த்தோம். மார்க்கேஸ் காலத்து எட்டு ஆட்டங்களில் நம்மவர் அடித்த கோல்கள் மொத்தம் 5. அவற்றுள் 3 மாலத்தீவுகளுக்கு எதிராக ஒரே மாலையில் வந்தவை. அந்த மூன்றிலும் ஒன்று ஓய்விலிருந்து திரும்பிய சேத்திரியுடையது. அதே சேத்திரி 2024-25 பருவத்து இந்தியன் சூப்பர் லீக்கில் 14 கோல்கள் அடித்து, இந்திய ஆட்டக்காரர்களுள் முதலிடத்தில் நின்றார். நாற்பது வயதில் ஒருவர் முதலிடத்தில் நிற்கிறார் என்றால் அது அவருக்குப் பெருமை; நமக்கு?

பழைய காலத்தில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட சட்டைகளில் 9 என்பது நடு முன்னணிக்காரருக்கு உரியது. கோல் அடிப்பதே அவர் தொழில். அந்த ஒன்பதாம் எண்ணுக்கு நம் நாட்டில் ஆள் அருகியதற்குக் காரணம் தேடப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. சூப்பர் லீக் 2014-இல் தொடங்கியபோது களத்தில் நிற்கும் பதினொருவருள் அறுவர் வரை வெளிநாட்டவராக இருக்கலாம். பின்னர் அது ஐவராகி, 2021-22 பருவம் முதல் நால்வராயிற்று. கழகத்துக்கு வெற்றி வேண்டும். விலைகொடுத்து அழைத்து வருகிறவரை எங்கே நிறுத்துவார்கள்? கோல் அடிக்கும் இடத்திலும், அதற்குப் பந்து கொடுக்கும் இடத்திலும் நிறுத்துவார்கள். இந்திய இளைஞருக்கு எஞ்சுவது ஓரமும் பின்காவலும். கழகத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. பணம் போட்டவர் அப்படித்தான் கணக்கிடுவார். ஆனால் நாட்டு அணி கூடும்போது, ஆண்டு முழுதும் ஓரத்தில் ஓடியவரை அழைத்து நடுவில் நின்று கோலடி என்கிறோம். அடிக்காவிட்டால் பயிற்சியாளரை மாற்று என்கிறோம்.

முன்பெல்லாம் எப்படி நடந்தது என்று கேட்கலாம். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம், நகரக் காவல்துறை அணியைப் பயிற்றுவித்து 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்று தந்தவர். 1951-இல் டில்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணிகள் அவர் வார்த்தவை. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றார்கள். இன்றாயிருந்தால் அன்றிரவே பயிற்சியாளரின் பெயரைக் கிழித்திருப்போம். பின்காவலர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. ரஹீம் அவரை என்ன செய்தார் தெரியுமா? முன்னணியில் நிறுத்தினார்! செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதியாட்டத்தில் அதே கொரியாவை 2-1 என்று வென்றபோது, ஒரு கோல் பி. கே. பானர்ஜியுடையது, மற்றொன்று தையல் போட்ட தலையோடு நின்ற ஜர்னைல் சிங்குடையது. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ரஹீம் புற்றுநோயால் மறைந்தார்.

இதைக் கேட்டு, 'பின்காவலரையே முன்னே விட்டு வெல்லலாமே, ஒன்பதாம் எண் எதற்கு?' என்று நேயர் ஒருவர் வினவலாம். நம் தேநீர்க்கடை மாணவரும் வினவினார். பெரியவர் சொன்ன விடை இது: ரஹீமுக்குத் தம் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் இரண்டு காலும் தெரியும். நீண்ட முகாம்கள் வைத்து, ஆண்டுக்கணக்காக அவர்களோடு பழகியவர் அவர். எவரை எங்கே மாற்றினால் எது கெடும், எது சேரும் என்பது அவர் கைக்கணக்கு. ஜமீலுக்குக் கிடைத்ததோ நாட்கணக்கு.

அந்த நாட்கணக்கு நம் ஊரிலேயேதான் தொடங்கிற்று. ஆகஸ்டு 16-ஆம் தேதி பெங்களூரின் திராவிட்-படுகோன் விளையாட்டு மையத்தில் முகாம் கூடியது. அழைப்புப் பட்டியலில் சேத்திரியின் பெயர் இல்லை. மோகன் பகான் கழகம் தன் ஆட்டக்காரரை அனுப்பவில்லை. உலகச் சம்மேளனம் குறித்துக் கொடுத்த நாட்களில் மட்டுமே கழகங்கள் ஆளை விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவை. அப்போட்டியோ அந்நாட்களுக்கு முன்பே தொடங்கியது. இதற்கிடையே சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் ஒப்பந்தச் சிக்கலால் ஜூலையிலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. வேலை இருக்குமா, ஊதியம் வருமா என்ற கவலையோடு ஆட்டக்காரர் வந்து சேர்ந்தனர். ஆகஸ்டு 29-ஆம் தேதி தஜிகிஸ்தானில் முதல் ஆட்டம். இரு வாரங்கூட முழுதாக இல்லை. அதில் என்ன வியூகம் கற்பிக்க முடியும்?

ஆயினும் வென்றார்கள்! தஜிகிஸ்தானை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்றார்கள். கோல் அடித்தவர்கள் அன்வர் அலி, சந்தேஷ் ஜிங்கன், இருவரும் பின்காவலர். அடுத்து ஈரானிடம் 0-3 தோல்வி. ஆப்கானிஸ்தானுடன் கோலின்றிச் சமம். செப்டம்பர் 8-ஆம் தேதி மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில், தர வரிசையில் மிக மேலே இருந்த ஓமானுடன் 1-1 என்று நின்று, பெனால்டி உதைகளில் 3-2 என்று வென்றார்கள். அன்றிரவு ஆட்டோக்கார நண்பர் கடையில் இருந்த அனைவருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். மாணவரும் வாங்கிக் குடித்தார். "ஆனாலும் நாலு மேட்ச்சிலே மூணு கோல்தானே?" என்றார், குடித்து முடித்த பின்பு.

கௌதமபுரத்தார் இவ்வளவு உரிமையோடு பேசுவதற்கு வேர் உண்டு. படைமுகாமாக வளர்ந்த கண்டோன்மென்டுக்கு நம்மவர் பலர் வேலை தேடி வந்தனர். அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கின்ற மதராஸ் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்தோரும் பலர். வெள்ளைச் சிப்பாய்கள் உதைத்த பந்தை வெறுங்காலால் உதைக்கக் கற்றனர். 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற அணி ரோவர்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் மைசூர் ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமனுடையது. இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்ற ஆட்டம் அது. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று நசுங்கியபோதும் அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூர் அகமது கான். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் அப்பா ராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ் என்ற நால்வரோடு அவரையும் சேர்த்துப் 'பஞ்ச பாண்டவர்' என்று வங்காளத்தார் கொண்டாடினர். ஐவரும் முன்னணிக்காரர், ஐவரும் தெற்கிலிருந்து போனவர்கள். 2-3-5 வியூகத்தின் அந்த 5 முழுவதையும் தென்னாடு கொடுத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது! பின்னாளில் பூங்கம் கண்ணன், பெங்களூர் மைதானங்களில் ஆடிக் கல்கத்தா சென்று, 'ஆசியப் பெலே' என்ற பெயர் பெற்றார். 2019-இல் அவர் கொல்கத்தாவில் காலமானபோது, பெரியவர் அன்றைய நாளிதழை மடித்துச் சட்டைப்பையில் ஒரு வாரம் வைத்திருந்ததாகச் சொன்னார்.

மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பையை மைசூர் என்ற பெயரில் நான்கு முறை வென்றோம். கடைசி வெற்றி 1968-69-இல். அடுத்தது கர்நாடகம் என்ற பெயரில், 2023 மார்ச்சில், சவுதி அரேபியாவின் ரியாதில், மேகாலயத்தை 3-2 என்று வென்றபோதுதான் வந்தது. இடையே 54 ஆண்டுகள்.

இனி, சொல்லக் கூசுகின்ற நம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். நம் இளைய மகனுக்கு வயது பதின்மூன்று. மூன்று ஆண்டுகளாக ஒரு பயிற்சிக்கூடத்தில் பந்தாடுகிறான். தெருவிலும் சரி, மைதானத்திலும் சரி, கோல் அருகே பந்து வந்தால் அவன் கால் தானாக அங்கே போய் நிற்கும். கற்றுக்கொடுத்து வருவதன்று அது. சென்ற செப்டம்பரில் அவனுடைய பயிற்சியாளர் நம்மை அழைத்தார். நேர்மையான மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "உங்கள் பையனை இந்த ஆண்டு முதல் இடது பின்காவலில் ஆடவைக்கலாம் என்று இருக்கிறேன், சார். இடக்கால் நன்றாக இருக்கிறது. முன்னணியிலே வைத்தால் பதினெட்டு வயதில் கதவு மூடிவிடும். பெரிய கழகங்கள் அந்த இடத்துக்கு வெளியாளைத்தான் எடுக்கின்றன. பின்காவலருக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு" என்றார்.

நாம் அன்று மாலை பெரியவரிடம் போனோம். ஜமீலை, சம்மேளனத்தை, கழகங்களை எல்லாம் வாரந்தோறும் விசாரித்துத் தீர்ப்பு எழுதிய அதே விசுப்பலகையில் உட்கார்ந்து, இதைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அவர் சொன்னதிலே பொய் ஒன்றும் இல்லை, தம்பி. பையனுக்கு நல்லதுதான் சொல்லியிருக்கிறார்" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் தகப்பனாக இருந்தாலும் சரியென்றுதான் சொல்லுவேன்" என்றும் சொன்னார்.

நாம் ஒப்புக்கொண்டோம். மகனை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவனுக்கு 3-ஆம் எண் சட்டை கொடுத்தார்கள். 9-ஆம் எண் போட்ட பழைய சட்டை அலமாரியில் இருக்கிறது. ஒன்பதாம் எண்ணுக்கு இந்நாட்டில் ஆள் இல்லையே என்று கடையில் மற்றெல்லாரையும்விட உரக்கப் பேசியவர் நாம். நம் வீட்டில் இருந்த ஒரு சிறு விதையை எடுத்து வேறு பாத்தியில் நட்டவரும் நாமே. இப்படி எத்தனை வீடுகளில், எத்தனை தகப்பன்மார், எவ்வளவு நியாயமான காரணங்களோடு 'சரி' சொல்லியிருப்பார்கள்! அவர்களில் ஒருவர்கூட நாட்டுக்குக் கேடு நினைத்தவர் அல்லர்.

அக்டோபர் 9-ஆம் தேதி சிங்கப்பூரில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். சேத்திரி மீண்டும் அழைக்கப்பட்டிருந்தார். ஜிங்கன் இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே வெளியேற்றப்பட, பத்துப் பேராய் நின்று, 90-ஆம் நிமிடத்தில் ரஹீம் அலி அடித்த கோலால் 1-1 என்று தப்பினோம். அக்டோபர் 14-ஆம் தேதி மட்காவில் அதே சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றோம். 2027 ஆசியக் கோப்பைக் கதவு அன்றே சாத்தப்பட்டது. நவம்பர் 18-ஆம் தேதி டாக்காவில் வங்காள தேசத்திடம் 0-1. கடையில் கன்னட நண்பர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்: ஆகஸ்டிலிருந்து நவம்பர்வரை. மூன்று மாதம் மாலை என்று அவர் போட்ட கணக்கு ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. மாணவர் இம்முறை 3-4-3 வேண்டும் என்றார். ஆட்டோக்கார நண்பர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஆனாலும் ஜமீலைத் திட்டவும் இல்லை.

மட்காவ் ஆட்டத்தை நாம் வீட்டில் மகனோடு உட்கார்ந்து பார்த்தோம். பதினான்காம் நிமிடத்தில் சாங்தே தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் போனபோது நாம் எழுந்து கூவினோம். அண்டை வீட்டார் சன்னலைத் திறந்து பார்த்தனர். முன்பெல்லாம் இப்படிப்பட்ட கோலைக் கண்டால் மகன் உடனே கூடத்திலேயே காலை வீசி அதே உதையை உதைத்துக் காட்டுவான். அன்று கைதட்டினான், அவ்வளவுதான். இடைவேளைக்குச் சற்று முன்பு சிங்கப்பூரின் சோங் உய்-யங் ஒரு கோலைத் திருப்பினார். 58-ஆம் நிமிடத்தில் அவரே இரண்டாவதையும் அடித்தார். நாம் தலையில் கை வைத்துக்கொண்டு, இனி யார் கோல் அடிப்பார், யாரை இறக்குவார்கள் என்று பதிலி ஆட்டக்காரர்களின் பெயர்களை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தோம். மகனோ திரைக்கு மிக அருகில் போய், அந்த இரண்டாம் கோலைத் திரும்பக் காட்டியதை உற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டு நம் பக்கம் திரும்பி, "அந்த ஆளை யாருப்பா பிடிச்சிருக்கணும்?" என்று கேட்டான்.